வெயிட் ஃபார் ஹிம், பிக் இட் அப்: ஆங்கில வினையோடு முன்னிடைச்சொல்லும் பிரதிப்பெயரும் சேரும் விதம்

ஆங்கிலம் ஓரளவு நன்றாகத் தெரிந்தவர்கள்கூடப் பேசும்போது தடுக்கி நிற்பது பெரும்பாலும் பெரிய சொற்களில் இல்லை. 'டு', 'ஃபார்', 'அட்', 'வித்' போன்ற குட்டிச் சொற்களில்தான் நிற்கிறார்கள். இவைதான் முன்னிடைச்சொற்கள் (ப்ரெபொசிஷன்). 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்கிறோம், 'டிஸ்கஸ் அபௌட் இட்' என்கிறோம், 'லிசன் மீ' என்கிறோம். மூன்றும் பிழை. முதலாவதிலும் மூன்றாவதிலும் 'டு' விடுபட்டிருக்கிறது. இரண்டாவதில் 'அபௌட்' தேவையே இல்லை.

இதற்குக் காரணம் நம் மொழியின் அமைப்பு. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. என்னை, எனக்கு, என்னால், என்னோடு, என்னிடம் என்று 'நான்' பல வடிவம் எடுக்கும். ஆங்கிலத்தில் உடைமை வடிவங்களையும் 'மைசெல்ஃப்' வகையையும் விட்டுவிட்டால், 'ஐ' என்பதற்கு 'மீ' என்கிற ஒரே மாற்று வடிவம்தான். மற்ற வேலையெல்லாம் முன்னிடைச்சொல்லின் தலையில் விழுகிறது. எந்த முன்னிடைச்சொல் வர வேண்டும், வரவே கூடாதா என்பதை அந்தந்த ஆங்கில வினைதான் முடிவு செய்கிறது. நாமோ தமிழ் உருபைப் பார்த்து 'கு' என்றால் 'டு', 'ஓடு' என்றால் 'வித்', 'பற்றி' என்றால் 'அபௌட்' என்று மாற்றிப் போடுகிறோம். சில இடங்களில் அது பொருந்திவிடுகிறது. அதனால்தான் பொருந்தாத இடங்களில் பிழை நம் கண்ணில் படுவதில்லை.

ஆகவே இங்கே ஒரே ஒரு பழக்கத்தை வலியுறுத்துகிறேன். வினையைத் தனியாகப் படிக்காதீர்கள். அதன் முன்னிடைச்சொல்லோடும் ஒரு பிரதிப்பெயரோடும் (பெயருக்குப் பதிலாக வரும் சொல், ப்ரோநவுன்) சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். 'வெயிட்' என்று மனப்பாடம் செய்யாமல் 'வெயிட் ஃபார் ஹிம்' என்று செய்யுங்கள். 'பிக் அப்' என்று எழுதி வைக்காமல் 'பிக் இட் அப்' என்று எழுதி வையுங்கள். 'இட்', 'ஹிம்' போன்ற சின்னப் பிரதிப்பெயரை உள்ளே வைத்துப் பார்த்தால், அந்த வினை எப்படி நடந்துகொள்ளும் என்பது சட்டென்று வெளியே தெரிந்துவிடும்.

படி 1: பிரதிப்பெயரின் வடிவம்

இது எளிது, வேகமாகக் கடந்துவிடலாம். வினைக்குப் பின்னால் வந்தாலும் சரி, முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் வந்தாலும் சரி, 'மீ, ஹிம், ஹெர், அஸ், தெம்' என்கிற வடிவம்தான். 'யூ', 'இட்' இரண்டும் மாறுவதில்லை.

இரண்டு பேர் சேர்ந்து வரும்போதுதான் குழப்பம். 'ஹீ கால்ட் ஹெர் அண்ட் ஐ' என்று சொல்லலாமா? கூட இருக்கும் ஆளை எடுத்துவிட்டுப் பாருங்கள். 'ஹீ கால்ட் ஐ' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனவே 'ஹீ கால்ட் ஹெர் அண்ட் மீ'தான் சரி. 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எழுத்தில் 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்றே எழுதுங்கள்.

படி 2: முன்னிடைச்சொல் வேண்டாத வினைகள்

தேவையில்லாத முன்னிடைச்சொல்லைச் சேர்ப்பது, தேவையானதை விடுவதைவிட நம்மிடம் ஆழமாக ஊறிய பழக்கம் என்று நினைக்கிறேன். அதனால் இதை முதலில் சரிசெய்வது நல்லது.

'என்னிடம் கேட்டான்' என்பது 'ஹீ ஆஸ்க்ட் மீ'. 'எனக்கு உதவினாள்' என்பது 'ஷீ ஹெல்ப்ட் மீ'. 'அவளோடு திருமணம்' என்று நாம் நினைத்தாலும் ஆங்கிலத்தில் 'ஹீ மேரீட் ஹெர்'. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பது 'வீ டிஸ்கஸ்ட் இட்'. 'அதற்குள் நுழைந்தார்கள்' என்பது 'தே என்டர்ட் இட்'. தமிழில் இடம், கு, ஓடு, பற்றி, உள் என்று ஐந்து விதமாக வந்தவை அத்தனையும் ஆங்கிலத்தில் வெறும் செயப்படுபொருளாகிவிட்டன. இரண்டாம் வேற்றுமையின் 'ஐ' உருபு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது போல நினைத்துக்கொள்ளலாம். இதே கூட்டத்தைச் சேர்ந்தவை: டெல் ஹிம், ஆன்சர் மீ, ரீச் இட், காண்டாக்ட் தெம், அப்ரோச் ஹெர், ரிசெம்பிள் ஹிம், எம்ஃபசைஸ் இட், ஆர்டர் இட்.

இந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். வினை முன்னிடைச்சொல்லை வேண்டாம் என்கிறது. ஆனால் அதே குடும்பத்துப் பெயர்ச்சொல் வேண்டும் என்கிறது. 'டிஸ்கஸ் இட்', ஆனால் 'எ டிஸ்கஷன் அபௌட் இட்'. 'எம்ஃபசைஸ் இட்', ஆனால் 'எம்ஃபசிஸ் ஆன் இட்'. 'ரிக்வெஸ்ட் இட்', ஆனால் 'எ ரிக்வெஸ்ட் ஃபார் இட்'. 'ஆன்சர் இட்', ஆனால் 'தி ஆன்சர் டு இட்'. பெயர்ச்சொல்லோடு கேட்டுப் பழகிய 'அபௌட்', 'ஆன்', 'ஃபார்' வினைக்கும் தாவிவிடுகிறது. இந்த ஜோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், தாவல் நின்றுவிடும்.

ஒரு விலக்கையும் சொல்லிவிடுகிறேன். 'மேரி ஹெர்' சரி, ஆனால் திருமணமான நிலையைச் சொல்லும்போது 'ஹீ இஸ் மேரீட் டு ஹெர்'. அங்கே வருவது 'டு', 'வித்' கிடையாது. அதேபோல் கூட்டத்தில் கலந்துகொண்டால் 'அட்டெண்ட் இட்', ஒருவரைக் கவனித்துக்கொண்டால் 'அட்டெண்ட் டு ஹிம்'.

படி 3: முன்னிடைச்சொல்லோடு பிறந்த வினைகள்

லிசன் டு மீ, வெயிட் ஃபார் அஸ், லுக் அட் ஹெர், டிபெண்ட் ஆன் ஹிம், பிலாங் டு தெம், லாஃப் அட் இட், ரிப்ளை டு ஹெர், கோப் வித் இட். இவற்றுக்கு விதி தேடிப் பயனில்லை. முழுத் துண்டாகவே பழக வேண்டும். கடைசியாகச் சொன்னதை 'கோப் அப் வித் இட்' என்று சொல்வது நம்மிடையே மிகவும் பரவியிருக்கிறது. 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' ஆகியவற்றில் 'அப்' இருக்கிறது, 'கோப்' என்பதில் இல்லை. 'ஆன்சர்' தனியாக வரும், அதே பொருளுடைய 'ரிப்ளை' மட்டும் 'டு' கேட்கும். பொருளை வைத்து முன்னிடைச்சொல்லை ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் ஒரே வினை வேறு வேறு முன்னிடைச்சொல் எடுக்கும்போது நிலைமை தலைகீழ். அங்கே முன்னிடைச்சொல்லுக்குச் சொந்தப் பொருள் உண்டு, அதை ரசித்தே படிக்கலாம்.

'த்ரோ இட் டு ஹிம்' என்றால் அவன் பிடிப்பதற்காக அவனிடம் போடுவது. 'த்ரோ இட் அட் ஹிம்' என்றால் அவன்மீது படும்படி எறிவது. 'ஷவுட் டு ஹெர்' என்றால் தொலைவில் இருப்பவளுக்குக் கேட்கும்படி உரக்கக் கூப்பிடுவது. 'ஷவுட் அட் ஹெர்' என்றால் அவளிடம் கத்தித் திட்டுவது. 'டு' போய்ச் சேரும் ஆளைப் பார்க்கிறது, 'அட்' ஆளைக் குறியாக வைக்கிறது. 'லாஃப் அட் ஹிம்' ஏன் ஏளனமாக ஒலிக்கிறது, 'லாஃப் வித் ஹிம்' ஏன் நட்பாக ஒலிக்கிறது என்பதும் இதிலிருந்து புரியும்.

'அட்' இன்னொரு வேலையும் செய்கிறது. 'ஷீ கிராப்ட் இட்' என்றால் பிடித்துவிட்டாள். 'ஷீ கிராப்ட் அட் இட்' என்றால் பிடிக்கக் கையை நீட்டினாள், கிடைத்ததா என்பது தெரியாது. 'ஷாட் ஹிம்' என்றால் குண்டு பட்டுவிட்டது, 'ஷாட் அட் ஹிம்' என்றால் அவனை நோக்கிச் சுட்டார்கள், அவ்வளவுதான். ஒரு செய்தியை மொழிபெயர்ப்பவர் இந்த 'அட்'டைக் கவனிக்காமல் விட்டால் உயிரோடு இருப்பவர் சுடப்பட்டவராகிவிடுவார்.

'பிலீவ் ஹிம்' என்றால் அவன் இப்போது சொல்வதை நம்புவது. 'பிலீவ் இன் ஹிம்' என்றால் அவன்மீதே நம்பிக்கை வைப்பது. 'ஹியர் ஹிம்' என்றால் அவன் குரல் காதில் விழுவது, 'ஹியர் ஃப்ரம் ஹிம்' என்றால் அவனிடமிருந்து தகவல் வருவது, 'ஹியர் ஆஃப் ஹிம்' என்றால் அப்படி ஒருவன் இருப்பதாகக் கேள்விப்படுவது. 'அக்ரீ' மனிதரோடு வரும்போது 'அக்ரீ வித் ஹெர்', ஒரு யோசனைக்குச் சம்மதித்தால் 'அக்ரீ டு இட்', எல்லோரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் 'அக்ரீ ஆன் இட்'. 'ஆஸ்க் ஹிம்' என்றால் அவனிடம் கேட்பது, 'ஆஸ்க் ஃபார் ஹிம்' என்றால் அவனைப் பார்க்க வேண்டும் அல்லது அவனோடு பேச வேண்டும் என்று கேட்பது, 'ஆஸ்க் அபௌட் ஹிம்' என்றால் அவனைப் பற்றி விசாரிப்பது.

படி 4: ஆளும் பொருளும் சேர்ந்து வரும்போது

'கிவ்' என்கிற வினைக்கு இரண்டு வழி. 'கிவ் மீ தி புக்', 'கிவ் தி புக் டு மீ'. பொருளும் பிரதிப்பெயராகிவிட்டால் இரண்டாம் வழியே பாதுகாப்பானது: 'கிவ் இட் டு மீ'. 'கிவ் மீ இட்' என்பதைப் பேச்சில் சிலர் சொல்வதுண்டு, ஆனால் கற்பவர்கள் அதன் பக்கம் போக வேண்டியதில்லை.

சென்ட், ஷோ, லெண்ட், பே ஆகியவை 'டு' எடுக்கும்: 'சென்ட் இட் டு ஹெர்'. பை, மேக், குக், ஃபைண்ட் ஆகியவை 'ஃபார்' எடுக்கும்: 'பை இட் ஃபார் ஹெர்'. கொடுத்தவுடன் பொருள் அவர் கைக்குப் போய்விடுகிறது என்றால் 'டு', அவருக்காக ஒரு வேலை நடக்கிறது என்றால் 'ஃபார்' என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் 'அவளுக்கு', 'அவளுக்காக' என்று நாம் பிரிப்பதற்கு இது ஓரளவு பக்கத்தில் வரும்.

அப்புறம், அந்த 'எக்ஸ்ப்ளெய்ன் மீ'. எக்ஸ்ப்ளெய்ன், சஜெஸ்ட், டிஸ்க்ரைப், இன்ட்ரடியூஸ், அனௌன்ஸ், மென்ஷன், ரிப்போர்ட் இவை எதுவும் ஆளை நேரடியாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாது. 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ', 'டிஸ்க்ரைப் ஹிம் டு அஸ்', 'இன்ட்ரடியூஸ் மீ டு தெம்' என்றுதான் வரும். 'சஜெஸ்ட் மீ எ குட் புக்' என்று கேட்பதற்குப் பதில் 'சஜெஸ்ட் எ குட் புக்' என்று கேட்டாலே போதும், 'மீ' தானாகப் புரிந்துவிடும். இந்தப் பட்டியலைப் பாருங்கள், எல்லாம் லத்தீனிலிருந்து, பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக, ஆங்கிலத்துக்கு வந்த நீளமான சொற்கள். கிவ், டெல், சென்ட், ஷோ போன்ற குட்டையான பழைய ஜெர்மானிய வேர்ச் சொற்கள்தான் ஆளைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்கின்றன. இது பொதுப் போக்குதான், இரும்பு விதி கிடையாது. 'ப்ராமிஸ் மீ', 'ஆஃபர் மீ' இரண்டும் சரியே. 'ஸே' பழைய குட்டைச் சொல்தான், ஆனாலும் 'ஸே மீ' என்று வராது, 'ஸே இட் டு மீ' என்றுதான் வரும்.

ஆள் முதலில் வந்து, பொருள் முன்னிடைச்சொல்லோடு பின்னால் வரும் வகையும் உண்டு: ரிமைண்ட் மீ ஆஃப் இட், தேங்க் ஹெர் ஃபார் இட், கங்கிராசுலேட் ஹிம் ஆன் இட், ப்ரொவைட் தெம் வித் இட். 'ப்ளேம்' இரண்டு பக்கமும் திரும்பும். 'ப்ளேம் ஹிம் ஃபார் இட்', 'ப்ளேம் இட் ஆன் ஹிம்' இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்.

படி 5: 'பிக் இட் அப்' வகை

'டர்ன் ஆஃப் தி லைட்', 'டர்ன் தி லைட் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'லைட்' இருந்த இடத்தில் 'இட்' வந்தால் ஒரே இடம்தான்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்று சொல்ல முடியாது. 'லுக் ஆஃப்டர்' இதற்கு நேர் எதிர். 'லுக் ஆஃப்டர் ஹிம்' மட்டுமே சரி, 'லுக் ஹிம் ஆஃப்டர்' கிடையவே கிடையாது.

எப்படித் தெரிந்துகொள்வது? 'ஆஃப்' (off), 'அப்', 'டவுன்', 'அவுட்', 'அவே', 'பேக்' ஆகியவை இதுபோன்ற இடங்களில் முன்னிடைச்சொல்லாக வேலை செய்வதில்லை. வினையின் உறுப்பாகவே இருக்கின்றன. ஆகவே பிரதிப்பெயர் நடுவில் நுழைய இடம் கொடுக்கின்றன: வேக் ஹிம் அப், ரைட் இட் டவுன், த்ரோ இட் அவே, பே மீ பேக், ஃபிகர் இட் அவுட், டேக் தெம் ஆஃப். காதையும் பயன்படுத்தலாம். 'டர்ன் இட் ஆஃப்' என்னும்போது 'ஆஃப்' அழுத்தமாக ஒலிக்கும். 'லுக் அட் இட்' என்னும்போது 'அட்' அமுங்கிப்போய் 'லுக்' மட்டும் அழுத்தம் பெறும். அட், டு, ஃபார், ஆஃப் (of) போன்ற ஓரசை முன்னிடைச்சொற்களுக்கு இந்தச் சோதனை நன்றாக எடுபடும். ஆஃப்டர், அக்ராஸ், இன்டு போன்றவற்றில் நம்ப முடியாது. அவற்றை உருப்படியாகப் பழகிவிடுங்கள்: லுக் ஆஃப்டர் தெம், கம் அக்ராஸ் இட், லுக் இன்டு இட், ரன் இன்டு ஹெர். நல்ல கற்போர் அகராதிகளில் 'சம்திங்' என்பதன் சுருக்கம் வினைக்கும் 'அப்', 'அவே' போன்ற துணைச்சொல்லுக்கும் நடுவில் அச்சிடப்பட்டிருந்தால் அந்த வினை பிரியும் என்று பொருள். கடைசியில் மட்டும் இருந்தால் பிரியாது.

பிரதிப்பெயர் நிற்கும் இடம் பொருளையே மாற்றிவிடுகிற இடங்களும் உண்டு. 'ஷீ சா த்ரூ ஹிம்' என்றால் அவன் வேஷத்தை அவள் கண்டுபிடித்துவிட்டாள். 'ஷீ சா ஹிம் த்ரூ' என்றால் அவன் கஷ்டம் தீரும்வரை அவள் துணை நின்றாள். 'டர்ன் இட் ஆன்' என்றால் அதை இயக்கு. 'இட் டர்ன்ட் ஆன் ஹிம்' என்றால் அது திடீரென்று அவன்மீதே பாய்ந்தது. 'கெட் ஓவர் இட்' என்றால் அதிலிருந்து மீள்வது, 'கெட் இட் ஓவர் வித்' என்றால் பிடிக்காத வேலையைச் சீக்கிரம் முடித்துத் தொலைப்பது.

மூன்று சொல் சேர்ந்து வந்தால் கவலை குறைவு. புட் அப் வித் இட், கெட் அலாங் வித் ஹெர், ரன் அவுட் ஆஃப் இட், லுக் அப் டு ஹிம். பெரும்பாலும் பிரதிப்பெயர் கடைசியில் வந்து உட்கார்ந்துவிடும்.

படி 6: பிரதிப்பெயர் மறையும்போது முன்னிடைச்சொல்லைத் தொலைக்காதிருப்பது

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களும் இங்கே வழுக்குகிறார்கள்.

தமிழில் 'அவருக்காகக் காத்திருந்தேன்' என்பது பெயரெச்சமானால் 'நான் காத்திருந்த மனிதர்' ஆகிவிடும். 'க்காக' காணாமல் போய்விட்டது, யாருக்கும் அது உறுத்துவதில்லை. 'அவரோடு பேசினேன்' என்பது 'நான் பேசிய மனிதர்'. 'ஓடு' போயே போய்விட்டது. ஆங்கிலம் இதை அனுமதிப்பதில்லை. ஆள் முன்னால் போனாலும் முன்னிடைச்சொல் தன் இடத்திலேயே நிற்க வேண்டும்: 'தி மேன் ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார்', 'தி மேன் ஐ ஸ்போக் டு', 'தி சாங் ஐ லிசன்ட் டு'. 'தி மேன் ஐ ஸ்போக்' என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். அதற்காக 'தி மேன் ஐ ஸ்போக் டு ஹிம்' என்று பிரதிப்பெயரையும் வைத்துவிடக் கூடாது.

வினையெச்சத்திலும் இதே கதை. 'பேச யாரும் இல்லை' என்பது 'ஐ ஹேவ் நோ ஒன் டு டாக் டு'. 'எழுத ஒரு பேனா' என்பது 'எ பென் டு ரைட் வித்'. 'உட்கார ஒரு நாற்காலி' என்பது 'எ சேர் டு சிட் ஆன்'. சோதிக்க எளிய வழி, மறைந்த பிரதிப்பெயரைத் திரும்பக் கொண்டுவந்து பார்ப்பது. நாற்காலியில் உட்கார்வது 'சிட் ஆன் இட்'. ஆகவே 'ஆன்' கட்டாயம் மிஞ்ச வேண்டும்.

கேள்வியிலும் செயப்பாட்டு வினையிலும் அப்படியே. 'ஹூ ஆர் யூ லுக்கிங் ஃபார்?', 'வாட் ஆர் யூ லாஃபிங் அட்?', 'ஹீ வாஸ் லாஃப்ட் அட்', 'தே ஆர் வெல் லுக்ட் ஆஃப்டர்'.

வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்று சிலர் பள்ளியில் படித்திருப்பீர்கள். 1672இல் ஜான் டிரைடன் என்கிற ஆங்கிலக் கவிஞர், தமக்கு முந்தைய தலைமுறை நாடக ஆசிரியரான பென் ஜான்சன் அப்படி முடித்ததைக் குறையாகச் சுட்டினார். பிறகு இலக்கண ஆசிரியர்கள் பலர் அந்தக் கருத்தை விதியைப் போலப் பரப்பினார்கள். அன்றாட ஆங்கிலம் அதற்கு ஒருபோதும் கட்டுப்படவில்லை. 'ஃபார் ஹூம் ஆர் யூ வெயிட்டிங்?' என்பது பிழையில்லைதான், ஆனால் நண்பரிடம் அப்படிக் கேட்டால் விறைப்பாக இருக்கும்.

படி 7: 'டு' வந்ததும் 'இட்' வைத்துப் பார்ப்பது

முன்னிடைச்சொல்லுக்குப் பின் வினை வந்தால் அது 'இங்' ஏற்கும்: 'தேங்க்ஸ் ஃபார் ஹெல்ப்பிங் மீ'. இதில் யாருக்கும் சிக்கல் இல்லை. சிக்கல் 'டு'வில்தான். 'ஐ வாண்ட் டு மீட் யூ' என்கிறோம், 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்கிறோம். ஒன்றில் 'மீட்', மற்றதில் 'மீட்டிங்'. ஏன்?

'டு'வுக்குப் பின்னால் 'இட்' வைத்துப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' பொருந்துகிறது. ஆக இந்த 'டு' உண்மையான முன்னிடைச்சொல், பின்னால் 'இங்' வர வேண்டும். 'ஐ வாண்ட் டு இட்' பொருந்தவில்லை. ஆக 'இங்' கிடையாது. 'ஐ'ம் யூஸ்ட் டு இட்' சரி என்பதால் 'ஐ'ம் யூஸ்ட் டு வெயிட்டிங் ஃபார் ஹிம்', அதாவது அவனுக்காகக் காத்திருப்பது எனக்குப் பழகிவிட்டது. 'ஐ யூஸ்ட் டு வெயிட் ஃபார் ஹிம்' என்றால் முன்பெல்லாம் காத்திருப்பேன், இப்போது இல்லை.

படி 8: பேச்சில் இவை ஒட்டிக்கொள்ளும் விதம்

எழுத்தில் தெரிந்த தொடர் காதில் விழும்போது புரியாமல் போவதற்கு, இந்தக் குட்டிச் சொற்கள் பேச்சில் தேய்ந்துவிடுவது பெரிய காரணம். வாக்கியத்தின் நடுவில் அழுத்தமில்லாமல் வரும் 'ஹிம்', 'ஹெர்' தம் முதல் ஒலியை இழக்கும். 'டெல் ஹிம்' என்பது 'டெல்லிம்' என்றும், 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிடப்' என்றும், 'வெயிட் ஃபார் ஹிம்' என்பது 'வெயிட்ஃபரிம்' என்றும் கேட்கும். வாக்கியக் கடைசியில் நிற்கும் முன்னிடைச்சொல் மட்டும் தேயாது. 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்பதில் 'அட்' முழு ஒலியோடு வரும்.

பயிற்சி

ஒரு நாளைக்கு ஒரு வினை போதும். அதைப் பிரதிப்பெயரோடு எழுதி, ஐந்து வடிவங்களில் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'லிசன் டு ஹெர்' என்று எடுத்துக்கொண்டால்: 'ஐ லிசன்ட் டு ஹெர்', 'ஐ டிடின்ட் லிசன் டு ஹெர்', 'ஹூ ஆர் யூ லிசனிங் டு?', 'தி வுமன் ஐ லிசன்ட் டு', 'ஆஃப்டர் லிசனிங் டு ஹெர்'. அடுத்த நாள் 'டிபெண்ட் ஆன் ஹிம்'. அதற்கடுத்த நாள் பிரியும் வினை ஒன்று: 'ஐ த்ரூ இட் அவே', 'ஐ டிடின்ட் த்ரோ இட் அவே', 'வாட் டிட் யூ த்ரோ அவே?', 'தி லெட்டர் ஐ த்ரூ அவே', 'ஆஃப்டர் த்ரோயிங் இட் அவே'. மூன்றாவதிலும் நான்காவதிலும் 'இட்' மறைந்து 'அவே' மட்டும் நிற்பதைக் கவனியுங்கள். நான்காவது வடிவத்தில் தடுமாறினால் படி 6க்குத் திரும்பிப் போங்கள்.